மழை பெய்யாத இடத்துச் சாடிகள்

நாவற்குடாவில் திவாகரன் வீடு எது என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். "ஆரு, மரம் வாடகைக்குக் குடுக்கிற பொடியனோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். காட்டும்போதே சிரிப்பும் வந்துவிடும். மாவும் தென்னையும் முருங்கையும் கேட்பாரற்று நிற்கிற ஊரில், மரத்தைச் சாடியில் வைத்துக் கடைக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தி, கிழமைக்கு ஒரு தரம் போய் இலை துடைத்துவிட்டு வருவதற்கு ஒருவன் காசு வாங்குகிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

திவாகரன் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவனுக்கே ஒரு காலத்தில் சிரிப்பாய் இருந்த வேலைதான். கட்டட வேலை என்று சொல்லித்தான் கட்டாருக்கு அனுப்பினார்கள். டோஹாவில் போய் இறங்கினால், கையில் ஒரு வாளியும் துணியும் கொடுத்து, உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குள் விட்டு, "இலையைத் துடை" என்றார்கள். வெளியே அனல், ஒரு புல் கிடையாது. உள்ளே ஆளுயரத்துக்குப் பச்சை. முதல் நாள் அறைக்கு வந்து, காத்தான்குடி ஹலீமிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஹலீம் அதே கட்டடத்தில் லிப்ட் வேலை பார்த்தவன். "மச்சான், ஒனக்கு வாய்ச்ச வேலையைப் பாரேன். மரத்துக்கு முகம் கழுவி உடுற வேலை!" என்று அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் வருஷக்கணக்கில் ஒரே வேலையைச் செய்கிறவன் கண்ணுக்குச் சிலது பிடிபடத்தானே செய்யும். லிப்டை விட்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இறங்குகிறவன்கூட அந்தச் சாடிகளுக்குப் பக்கத்தில் வந்ததும் நடையைக் குறைத்தான். பச்சைக்கு நடுவில் போட்ட கதிரைகள்தான் முதலில் நிரம்பின. செடி வைத்த தளங்களில் சத்தம்கூட அமுங்கிக் கேட்டது. துடைக்காத இலையில் தூசி ஏறினால் செடி மூச்சுவிட முடியாமல் சோர்ந்துபோகும் என்பதும், ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் கோணிப்போகும், அதனால் சாடியை அடிக்கடி திருப்பி வைக்கவேண்டும் என்பதும் அங்கே படித்ததுதான். வேலை மெல்ல மெல்ல அவனுக்குப் பிடித்துப்போனது.

ஊருக்கு வந்தது மகளுக்காக. யசோதினி பிறக்கும்போது அவன் அங்கே. லீவில் வந்து போவான். கடைசியாக வந்த முறை, பிள்ளை தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இவர் எப்ப போவார்?" என்று கேட்டது. பிள்ளையில் பிழையில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா வந்து வந்து போகிற ஒருவர். அன்று திவாகரன் சாப்பிடவில்லை. திரும்பப் போகவும் இல்லை.

இப்போது யசோவுக்குப் பள்ளிக்கூடம். காலையில் தலை இழுப்பது அப்பாதான் என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள். திவாகரனின் கைக்கு வகிடு நேராக வராது. ஒரு பின்னல் காதுக்கு மேலே தொடங்கினால் மற்றது காதுக்குக் கீழே தொடங்கும். மனைவி கேதீஸ்வரி கைக்குள் சிரித்துக்கொண்டு, "விடுங்க, நான் திருத்தி விடுறன்" என்பாள். "வேணாம்! அப்பா கட்டினதுதான்" என்று யசோ தலையைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். அந்தக் கோணல் பின்னலோடு அவள் பள்ளிக்கூட வாசலில் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுவான்.

இது நிலைக்குமா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. தை மாதம் வரை பார்ப்பது, அதற்குள் வேலை ஊன்றாவிட்டால் திரும்பவும் டோஹா என்று புருஷனும் பெண்சாதியும் பேசி வைத்திருந்தார்கள். பழைய சுப்பவைசர் இடம் வைத்துக்கொண்டு இருக்கிறான். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டும் இருக்கிறான். அலுமாரிக்கு மேலே சூட்கேஸ் அப்படியே இருந்தது. கேதீஸ்வரி அதைத் தூசி தட்டுவாள், ஆனால் இறக்கமாட்டாள்.

வேலை ஊன்றுவதும் ஊன்றாததும் டொக்டர் பிரஷாந்தியின் கையில் இருந்தது.

பிரஷாந்தி பல் டொக்டர். டவுனில் வாவிப் பக்கமாகச் சொந்தமாய் ஒரு பற்சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறார். பல் பிடுங்க வருகிறவர்களில் எத்தனையோ பேர், பெயரைக் கூப்பிடும்போது பயந்து வெளியே கேற்றடியில் நிற்பார்கள். உள்ளே மெசின் இரையும் சத்தமும், கதவு திறக்கும்போதெல்லாம் தெரிகிற அந்த நீட்டுக் கதிரையும் சேர்ந்து ஆளைக் கலக்கிவிடும். திவாகரன் போய், தான் என்ன செய்கிறவன் என்று சொன்னபோது, அந்தப் பட்டணத்தில் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். "சரி, வச்சுப் பாருங்க. ஆக்கள் பயப்பிடாம இரிக்கிறாங்களோ பார்ப்பம்."

காத்திருக்கிற கதிரைகளுக்கும் அறைக் கதவுக்கும் நடுவே, கமுகு மாதிரி ஓலை விரிக்கிற அரெக்கா பாம் சாடிகளை வரிசையாய் வைத்தான். மூலைகளில் வாள் வாளாய் நிமிர்ந்து நிற்கிற ஸ்னேக் பிளாண்ட். பெயர் பதிகிற மேசையில் இருந்து மணிப்பிளாண்ட் கொடி தொங்கியது. மூங்கில் கூடைகளுக்குள் சாடிகளை இறக்கி, மண் தெரியாமல் மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பினான். ஒரு மாதம் போகவில்லை, ஆட்கள் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு இலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா பேரப்பிள்ளைக்குக் கமுகங் கன்று காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கேற்றடியில் நிற்கிறவர்கள் குறைந்தார்கள். ஒரு ஹோட்டல்காரர் பல் அடைக்க வந்த இடத்தில் கண்டுவிட்டு விசாரித்தார். ஒரு சாறிக் கடைக்காரரும் கேட்டார். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "டொக்டர்ர இடத்துல மாரிக்கும் தாங்குதா பார்ப்பம். மறுகா எங்களுக்கும் வைங்க."

மாரி வந்தது. மரம் தாங்கவில்லை.

முதலில் அரெக்காவின் அடி ஓலைகள் மஞ்சளித்தன. திவாகரன் ஏசியை அண்ணாந்து பார்த்தான். டோஹாவில் இது நாளாந்தம் கண்ட காட்சி: ஏசிக் காற்று ஈரத்தை உறிஞ்சும், செடி வாடும், தண்ணீரைக் கூட்ட வேண்டும். கூழாங்கல்லை விலக்கி விரலை வைத்தான். ஏசிக் காற்றில் மேல்மண் காய்ந்துதான் இருந்தது. கூடக் கொஞ்சம் ஊற்றினான். அடுத்த கிழமை மஞ்சள் மேலே ஏறியது. இன்னும் கூட்டினான். வாள் மாதிரி நின்ற ஸ்னேக் பிளாண்ட் அடியில் கொழகொழத்துச் சாய்ந்தது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வாவி ரோட்டு விளிம்புவரை வந்து நின்றது. காற்றே நனைந்து கிடக்கிற அந்த நாட்களில் அவன் டோஹாவின் பாலைவனத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திவாகரன், பல்லு வருத்தம் மாற வாற இடத்துல மரமே வருத்தக்காரர் மாதிரி நிண்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்று டொக்டர் மெல்லத்தான் கேட்டார். "தையில கல்லடியில மற்ற கிளினிக் திறக்கிறன். அங்கயும் உங்களைத்தான் நினைச்சு வச்சிருந்தன். இப்ப என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல."

அன்றைக்கே ஹலீமும் அழைத்தான். அவன் கட்டாரில் இருந்து திவாகரனுக்கு முன்பே வந்து, காத்தான்குடியில் பிளாஸ்டிக் சாமான் கடை போட்டிருந்தான். திவாகரன் சாடி வாங்குவது அங்கேதான்.

"மச்சான், ஒனக்கிட்ட ஒரு கதை சொல்லணும். கோவிக்கக் கூடா."

"சொல்லு."

"ஒன்ட டொக்டர் ஆள் அனுப்பி பிளாஸ்டிக் மரத்துக்கு விலை கேட்டிரிக்கா. பாத்தா அசல் மாதிரியே இரிக்கிற ஐட்டம் எனக்கிட்ட இரிக்கி. தண்ணியும் வேணா, ஆளும் வேணா."

திவாகரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நான் விலை சொல்லல்லடா. ஸ்டொக் முடிஞ்ச எண்டு சொல்லி அனுப்பிட்டன். ஆனா இந்த ரோட்டுல நான் மட்டுமா கடை வெச்சிரிக்கன்? கெதியா ஒரு வழி பாரு."

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேதீஸ்வரி, "சுப்பவைசருக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள். அவன் பீங்கானைப் பார்த்தபடி, "ஒரு கிழமை பொறு" என்றான். யசோ அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய் அப்பாவின் மடியில் ஏறி இருந்துகொண்டாள். சாப்பாடு முடியும்வரை இறங்கவில்லை.

அடுத்த நாள் அவன் கிளினிக்குக்குப் போனது, அரெக்காவை ஏசியின் வாயில் இருந்து விலக்கி வைக்கலாம் என்ற கடைசி நினைப்போடு. மண்டபம் நிறைய ஆட்கள். கன்னம் வீங்கிய ஒரு ஐயா கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு முன் கதிரையில் இருந்தார். திவாகரன் குனிந்து கூடையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கூடை அசையவே இல்லை. வைக்கும்போது ஒரு கையால் தூக்கி வைத்த சாடி அது. மூச்சுப் பிடித்துச் சரித்தான். கூழாங்கல்லுக்கு மேலால் கறுத்த தண்ணீர் வழிந்தது. வாய்க்கால் சேற்று மணம் மண்டபம் முழுக்க எழும்பியது. வீங்கிய கன்னத்து ஐயா மற்றக் கையால் மூக்கைப் பொத்தினார்.

தண்ணீர் ஏன் கீழால் போகவில்லை? சாடியைக் கூடையில் இருந்து உருவி எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தான்.

அடியில் ஓட்டையைக் காணவில்லை. இருந்த இடமெல்லாம் களிமண். வெறும் களிமண் இல்லை. வைக்கோல் கலந்து குழைத்து, உள்ளே செலுத்தி, பெருவிரலால் வட்டமாய் அமத்தி வழித்துவிட்ட களிமண். பக்கத்துச் சாடியைத் திருப்பினான். அதிலும் அப்படியே. எல்லாச் சாடியிலும் அதே பெருவிரல் அடையாளம். வயற்காரன் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் இது என்ன வேலை என்று சொல்லிவிடுவான். வரம்பை நண்டு துளைத்தால் வயல் வட்டைத் தண்ணீர் முழுக்க அந்த வளையால் ஒழுகிப்போகும். கண்டவுடன் களியும் வைக்கோலும் சேர்த்து இப்படித்தான் அடைப்பார்கள். திவாகரனின் தகப்பனும் அடைத்திருக்கிறார்.

இந்தக் கட்டடத்துக்குள் நண்டு வளை அடைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆச்சிப்பிள்ளை, மண்டூரில் வயல் செய்கிற குடும்பம். கல்லடியில் மகளோடு இருந்துகொண்டு, கிளினிக்கில் கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் வருகிறவர். திவாகரனை முதல் நாளே "மனே" என்று கூப்பிட்டு, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தவர். இப்போது சேற்று மணத்துக்குத் துடைப்பத்தோடு ஓடிவந்தவர், கவிழ்ந்து கிடந்த சாடியைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்தார்.

"ஐயோ மனே, ஏன் அதைக் கிளறுறாய்? எவ்வளவு கஷ்டப்பட்டு அடைச்சது!"

"பெரியம்மா... நீங்களா அடைச்ச?"

"நான்தான். உன்னை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டான்கா. எல்லாச் சட்டியும் ஓட்டைச் சட்டி! சொன்னா உனக்கு வெக்கமா இரிக்கும் எண்டுதான் சத்தம் போடாம அடைச்சன். ஊருக்குப் போன நேரம் எங்கட வட்டைக் களியே கொண்டந்தன். டவுன்ல இரிக்கிற மண் இதுக்குச் சரிவராது."

"பெரியம்மா, அந்த ஓட்டை வேணும். தண்ணி வடிய வேணும்."

"வெளியில நிக்கிற சட்டிக்கு வேணும், அது எனக்குத் தெரியாதா? மழை பெய்யும், தண்ணி நிக்கும், ஓட்டை வேணும். இஞ்ச உள்ளுக்க மழையா பெய்யுது? நீ ஊத்துற ரெண்டு கப் தண்ணியும் கீழால ஓடினா மரம் எதைக் குடிக்கிற? நீ போனாப் பிறகு நானும் பாவமெண்டு தினம் ஒரு செம்பு ஊத்திறன்."

திவாகரனுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தை, சூட்கேஸ், யசோவின் பின்னல், எல்லாம் அந்தக் களிமண்ணுக்குள் அடைபட்டுக் கிடந்த மாதிரி இருந்தது. ஆனால் எதிரே நின்ற முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம்கூட இருந்தது. அவன் ஊற்றினான், அவர் ஊற்றினார், வழியும் அடைபட்டது. இத்தனை கிழமையாய் வந்துபோன அவனோ ஒரு சாடியை ஒரு தரம் தூக்கிப் பார்க்கவில்லை. இலையையும் மேல்மண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு ஏசியில் பழியைப் போட்டான்.

"தண்ணி நிண்டா வேர் அழுகிரும் பெரியம்மா. இதுகள் நெல்லு இல்ல" என்றான், குரல் இறங்கி. "செத்தது தண்ணியில்லாம இல்ல. தண்ணிக்குள்ள தாண்டு, மூச்சுமுட்டி."

ஆச்சிப்பிள்ளை அழுகிய வேரைக் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார், மணந்து பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நேரே நடந்துபோய், டொக்டரின் கதவைத் தட்டாமல் திறந்தார். உள்ளே ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார்.

"டொக்டரம்மா, மரத்தைச் சாகடிச்சது நான்தான். பொடியனை ஒண்டும் சொல்லாதீங்க."

மண்டபம் முழுக்க எழும்பிப் பார்த்தது. டொக்டர் மாஸ்க்கோடு வெளியே வந்து, கவிழ்ந்த சாடியையும் களிமண்ணையும் சேற்றுத் தண்ணீரையும் கண்டார். கதையைக் கேட்டார்.

"நானும்தான் டொக்டர்" என்றான் திவாகரன். "அவங்க ஊத்தினது தெரியாம நானும் ஊத்தினன். தூக்கிப் பாத்திருந்தா முதல் கிழமையே பிடிபட்டிருக்கும்."

"அப்ப ரெண்டு பேருமாச் சேந்துதான் மரத்தைத் தண்ணியில தாட்டிரிக்கிறீங்க" என்றார் டொக்டர். சிரித்தாரா என்று மாஸ்க் சொல்லவில்லை. முன் கதிரை ஐயா வீங்கிய கன்னத்தோடு, "அந்தம்மா கேட்டதில என்ன பிழை? உள்ளுக்க மழை பெய்யாதுதானே" என்று தீர்ப்பு வழங்கினார்.

டொக்டர் அன்றைக்கு ஒரு வாக்கும் தரவில்லை. "இதுகளைக் கொண்டுபோய்ப் பிழைக்கிறதைப் பிழைக்க வைங்க. கல்லடிக் கதையைப் பிறகு பார்ப்பம்."

வீட்டு வளவில் தாழ்வாரத்துக்குக் கீழே ஆஸ்பத்திரி ஒன்று உண்டானது. அழுகிய வேரை வெட்டி, மணலும் தும்புத்தூளும் உமிக்கரியும் கலந்து, களிமண்ணைக் குத்திக் கழற்றிய சாடிகளில் திரும்ப நட்டான். கேதீஸ்வரி தையல் மெசினை நிறுத்திவிட்டு வந்து கரி அரித்துக் கொடுத்தாள். அரித்துக்கொண்டே, "அந்தப் பெரியம்மா ஏன் அடைச்சவ எண்டு நினைக்கிறீங்க?" என்றாள்.

"சொன்னாவே. தண்ணி ஓடிப்போகுதெண்டு."

"அது பாதிதான். சாடியால வடிஞ்ச தண்ணி எங்க போகும்? அவ துடைச்ச நிலத்துல. வெள்ளை மாபிள். ஒவ்வொரு நாளும் கறை. அதை ஆரு துடைக்கிற?"

திவாகரன் அரிதட்டைப் பிடித்தபடி நின்றான். டோஹாவில் சாடிகளுக்குக் கீழே தட்டு இருந்தது. இங்கே மூங்கில் கூடை அழகாய் இருக்கிறதென்று தட்டை விட்டுவிட்டான். அந்த நிலத்தைத் துடைப்பது யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

செடிகள் நாவற்குடாவில் படுத்திருந்த நாட்களில் கிளினிக் மண்டபம் வெறுமையாய்க் கிடந்தது. ஆச்சிப்பிள்ளை போனில் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தால் நேரே நீட்டுக் கதிரை. மெசின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதைக் குடைகிறது. ஒரு பிள்ளை கண்டவுடன் ரோட்டுக்கே ஓடிவிட்டது. பிடித்துக்கொண்டு வர தகப்பன் பட்ட பாடு. "வந்த சனமெல்லாம் என்னைத்தான் கேக்குது மனே, அந்தக் கமுகு எங்க, எங்க எண்டு. பல்லு வலியோட வாறவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

பிறகு டொக்டரே அழைத்தார். "திவாகரன், எத்தினை பிழைச்சிரிக்கு?"

"பாதிக்குக் கூட பிழைச்சிரும் டொக்டர். மிச்சத்துக்குப் புதுக் கண்டு வைக்கிறன்."

"எப்ப கொண்டு வாறீங்க? பிளாஸ்டிக் ஒண்டு வச்சுப் பாத்தன். ஒரு பிள்ளை இலையைக் கடிச்சுப் பாத்துட்டு, 'பொய் மரம்' எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டுது."

அவன் கொண்டுபோய் வைத்தான். ஒவ்வொரு சாடிக்கும் கீழே தட்டு. தட்டில் தண்ணீர் கண்டால் வெளியே ஊற்றிவிடவேண்டும், சாடிக்கு ஊற்றக் கூடாது என்று ஆச்சிப்பிள்ளையோடு ஒப்பந்தம். தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்தால் மட்டும் அவனே தண்ணீர் ஊற்றுவான். அவர் சம்மதித்தார், ஆனால் முகம் வாடிப்போய்த்தான். வேளைக்கு வேளை ஊற்றிப் பழகிய கை அது. அதற்காகவே திவாகரன் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தான். வாவி பார்த்த யன்னலடியில், வெயில் விழுகிற இடத்தில், அகன்ற ஒரு தொட்டி. அதற்குள் அல்லி.

"பெரியம்மா, இது உங்கட. திருப்பிப் பாருங்க, ஓட்டை இல்ல. நீங்க விரும்பின மட்டும் ஊத்துங்க."

ஆச்சிப்பிள்ளை தொட்டியின் அடியை உண்மையாகவே தடவிப் பார்த்தார். "இப்பதான்கா ஒரு ஒழுங்கான சட்டி வாங்கியிரிக்கிறாய்" என்றார்.

டொக்டர் பிரஷாந்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், போகிற போக்கில், "கல்லடிக்கும் தட்டோடயே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். கதவு மூடிய பிறகுதான் திவாகரனுக்குச் சொன்னது விளங்கியது.

வீட்டுக்கு வந்து கேதீஸ்வரியிடம் சொன்னான். அவள் நேரே அறைக்குள் போனாள். ஸ்டூலில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸை இறக்கினாள். யசோ பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேதீஸ்வரி சூட்கேஸைத் திறந்து, உள்ளே இருந்த, டோஹாவின் ஏசிக் குளிருக்குப் போட்ட சட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, ஹலீமின் கடையில் கூடுதலாய் வாங்கி அடுக்கி வைத்திருந்த சாடித் தட்டுகளை ஒவ்வொன்றாய் அதற்குள் வைத்தாள். அளவாய் இருந்தது.

"அப்பா எங்க போறார்?" என்றாள் யசோ.

"வேலைக்கு. பின்னேரம் வந்திருவார்."

மறுநாள் காலையில் யசோவுக்கு இரண்டு பின்னலும் போட்டு, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சூட்கேஸை மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு திவாகரன் புறப்பட்டான். மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில், மீன் கூடையோடு வந்த தெரிந்தவர் ஒருவர் சூட்கேஸைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, திரும்பவும் கட்டாருக்கோ?"

"இல்லண்ணே" என்றான் திவாகரன். "கல்லடிக்கு."